மோட்டார் சைக்கிள் கழுவுதற்கேற்ற பொருள்கள்

மோட்டார் சைக்கிளைக் கழுவுதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமோ என நகைப்பார் உளர். தண்ணீரும் சவர்க்காரமும் ஒரு பழந்துணியும் போதாவோ என்பது அன்னார் வினா. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வதியும் நம் பழைய மாணவருட் பலர் இவ்வூர்தியையே நம்பி நாள்தோறும் தொழிலுக்குச் சென்று மீள்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே வழி மீண்டும் திறந்தது. அவ்விடைக்காலத்தில் கையிலிருந்த வண்டியைப் பேணி வைத்தவரே இடர்ப்படாதிருந்தனர். கழுவும் பொருளைத் தேர்வதில் நேரும் தவறு வண்டியை அரிப்பதோடு, சிலவிடத்து ஓட்டுவார் உயிருக்கும் ஊறாகும். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்தல் வீண்வேலை அன்று.

கடைக்காரரிடம் எது வலியது எனக் கேட்குமுன், வண்டியிற் படிந்திருக்கும் அழுக்கு யாது என நோக்குதல் வேண்டும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் எனப்படும் கடற்கரை வீதியை அடுத்து வண்டி நிறுத்துவார்க்கு முதற்பகை உப்பே. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, அலைத்திவலையோடு அவ்வுப்பும் வீட்டு முற்றம்வரை வந்து படிகின்றது. வளியின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டியதும் உப்பு அவ்வீரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நிற்கும். கொழும்பின் இரவுகளில் அவ்வளவு ஈரம் இல்லாத நாள் அரிது. மழையே பெய்யாதபோதும் இரும்பு துருவேறுவது இதனாலேயாம். இவ்வழுக்குக்கு மருந்து விலையின்றி வீட்டிலேயே இருக்கின்றது: நல்ல தண்ணீர். உப்பு நீரிற் கரையுமாதலால், வாரம் ஒருமுறையேனும் அடிப்பகுதியும் சில்லின் கம்பிகளும் நனையக் குழாய்நீரை ஓடவிட்டால் அதுவே போதும். கடலோரக் கிணற்றுநீர் உவர்ப்பாயின் அதனைத் தவிர்த்தல் நன்று.

கொட்டாஞ்சேனை அன்பர் நிலை வேறு. துறைமுகத்து லொறிகளின் டீசற்புகையும் தெருப்புழுதியும் எண்ணெயோடு கலந்து பிசினாகப் படிகின்றன. எண்ணெயும் நீரும் ஒட்டா. இரண்டுக்கும் இடையே தூது செல்வதே சவர்க்காரம் முதலியவற்றின் தொழில். அவற்றின் நுண்கூறு ஒவ்வொன்றின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்த்துளியைச் சூழ்ந்து பற்றி, நீரோடு இழுத்துச் செல்லும்.

எனினும் நுரைப்பன யாவும் வண்டிக்கு ஆகா. சலவைத்தூள் துணிக்கென ஆக்கப்பட்டது. அமில கார அளவையில் 7 நடுநிலையாயின், சலவைத்தூள் கரைந்த நீர் 10ஐ ஒட்டி நிற்கும். நம் முன்னோர் உவர்மண் இட்டு ஆடை வெளுத்ததும் இக்காரத்தின் வலியாலேயே; சவர்க்காரம் என்னும் சொல்லின் ஈற்றிலும் காரம் ஒளியாது நிற்கின்றது. பருத்தி அதனைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் காவலாக உண்டு. காரம் அதனைக் கரைத்துவிடும். எஞ்சினின் உறை ஒளியிழந்து வெளிறுவது அதனாலேயே. தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் அமிலமாதலின் அவையும் அப்படலத்துக்குப் பகையே. பாத்திரம் கழுவும் திரவமோ பூச்சின் மேலுள்ள மெழுகையும் உரித்தெடுக்கும். அன்றியும் அத்தகைய திரவங்கள் சிலவற்றிற் குழம்பின் தடிப்புக்காகக் கறியுப்பே சேர்க்கப்படுகின்றது. உப்பைக் கழுவ உப்பையே பூசுதல் எத்துணை அறிவுடைமை! வாகனங்களுக்கென விற்கப்படும் நடுநிலைச் ஷாம்புவே ஏற்றது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கும். வாளி நீருக்குச் சிறிதளவே வேண்டுமாதலின் ஒரு போத்தல் நெடுநாள் வரும்.

செயினிற் படியும் கறுப்புக் கிறீசுக்கு ஷாம்பு போதாது. அதற்கு மண்ணெண்ணெயும் மென்தூரிகையும் வேண்டும். பெற்றோல் விரைவில் அழுக்கை நீக்கும் என்பது மெய்யே; ஆயினும் செயின் கண்ணிகளில் றப்பர் வளையங்கள் உளவாயின் அவற்றைக் கெடுக்கும், நெருப்புக்கும் இடமாகும். பயன்படுத்திய மண்ணெண்ணெயைத் தட்டில் ஏந்திக்கொள்க. வடிகாலில் ஊற்றுவது வெள்ளவத்தைக் கால்வாய் வழியே கடலுக்கே போய்ச் சேரும்.

இனி, யாம் சிறப்பாக வற்புறுத்த விழைவது பிறேக்கும் டயரும் பற்றியது. பளபளப்பில் ஆசை கொண்ட இளைஞர், மெழுகையும் டயர்ப் பொலிஷையும் வண்டி முழுதும் பூசிவிடுகின்றனர். பிறேக்கின் தட்டு உராய்வினாலேயே வண்டியை நிறுத்துகின்றது. அங்கே மண்ணெண்ணெய், மெழுகு, சிலிக்கோன் எதுவாயினும் ஒரு படலம் படிந்தால் உராய்வு குன்றும். காலி வீதியில் முன்னே செல்லும் பஸ் திடீரென நிற்கும்போதே அதன் பயன் தெரியவரும். டயர்ப் பொலிஷும் அத்தகையதே. காரின் டயர் நிமிர்ந்தே ஓடும். இருசில் வண்டியோ வளைவில் சாய்ந்து டயரின் ஓரத்தால் நிலத்தைப் பற்றுகின்றது. ஓரத்திற் பூசிய பொலிஷ் அவ்விடத்து வழுக்கும். பிறேக்குத் தட்டுக்கு அதற்கென விற்கும் துப்புரவுத் திரவத்தையன்றி வேறெதையும் தொடவிடலாகாது. செயினைத் துப்புரவாக்கும்போது அத்தட்டைத் துணியால் மூடிவைத்தலும் வேண்டும்.

இருக்கைக்கும் பிளாஸ்திக்குப் பகுதிகளுக்கும் தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ஒருநாள் மினுக்கம் தரும். மறுநாள் தெருப்புழுதி முழுதும் அதில் ஒட்டும். ஈரத்துணியே அதனினும் மேல். எஞ்சின் ஆறியபின்னரே நீரூற்றுக. ஷாம்புவை வெயிலிற் காயவிடாது உடனே அலசி, மணல் ஒட்டாத பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, செயினுக்கு மீண்டும் எண்ணெயிட்டு, ஒழுங்கைக்குள் ஒருமுறை மெல்ல ஓட்டிப் பிறேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்தி ஈரம் போக்கிய பின்னரே காலி வீதிக்கு ஏறுக.