எலிக்கு வைத்த மருந்தில் 2 குழந்தைகள் பலி! நெல் மூட்டையைக் காக்க விஷம் எதற்கு?

உத்திரமேரூர்,

எலியைக் கொல்ல வைத்த மருந்து மனுஷ உயிரைக் குடித்த கொடுமை காஞ்சீபுரம் மாவட்டத்தில் நடந்தது. அதை யாரும் எளிதில் மறக்க முடியாது.

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம். குன்றத்தூர் அருகே மணஞ்சேரியில் ஒரு வீட்டில் எலித்தொல்லை. தனியார் நிறுவன ஆட்கள் வந்து மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு வழக்கம் போல ஏ.சி.யைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமே தூங்கியது. பிறகு வாந்தி, மயக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியும் 2 குழந்தைகள் பரிதாபமாக இறந்தன. தாய், தந்தைக்கு தீவிர சிகிச்சை அளிக்கப்பட்டது.

அது டவுன் பக்கத்து வீடு. கிராமத்து வீட்டில் ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் போகம் அறுத்தாலும், விற்றது போக சாப்பாட்டுக்கும் விதைக்கும் சில மூட்டை வீட்டுக்கு வரும். மூட்டை அடுக்கிய அறையிலேயே பிள்ளைகளும் பாய் விரித்துப் படுக்கும். அங்கேதான் எலியும் வரும், வண்டும் வரும். "அண்ணே, மூட்டைக்குள்ள போடுற மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கடையில் கேட்கும் பழக்கம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மாத்திரை அல்ல, எமன்!

அந்த மாத்திரையின் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. பெரிய குடோன்களில் மூட்டைகளைக் காற்றுப் புகாமல் மூடி, பயிற்சி பெற்றவர்கள் போட வேண்டிய சரக்கு அது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு உரியதே அல்ல.

சரி, எலியை என்னதான் செய்வது?

உத்திரமேரூருக்கு ஒரு பெருமை உண்டு. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு அங்கே கோவில் சுவரில் இருக்கிறது. பிறர் பொருளைத் திருடியவன் வாரியத்துக்கு வரக்கூடாது என்று அதில் விதி. இரண்டு கால் திருடனுக்கு அன்றைக்கே தடை போட்ட ஊரில், நாலு கால் திருடனுக்கு மட்டும் வாசல் திறந்தே கிடக்கலாமா?

பென்சில் நுழைந்தால் போதும்

சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் சந்து போதும். பெரிய எலிக்குக் கட்டை விரல் நுழைந்தால் போதும். ஆகவே முதல் வேலை ஓட்டை அடைப்பது. வெறும் சிமெண்ட் பூசினால் காய்வதற்குள் கறம்பிவிடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை ஓட்டைக்குள் திணித்து, அதன் மேல் சிமெண்ட் பூச வேண்டும். கண்ணாடிச் சில்லு கலந்து பூசுவது பழைய வழக்கம். அதுவும் நல்லதுதான், பூசுகிறவர் கை பத்திரம். கதவுக்கு அடியில் சந்து இருந்தால், பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக அடித்துவிடலாம். செலவு ஆணிக்கு மட்டும்தான்.

மூட்டையைத் தரையில் போடக்கூடாது. பலகை போட்டு, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். சுவர் ஓரமாக ஓடுவதுதான் எலியின் புத்தி. பொறியையும் சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும்.

பொறி விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஒன்று உண்டு. புதுச் சாமானைக் கண்டால் பெரிய எலி இரண்டு மூன்று நாள் கிட்டவே வராது. "வடை வெச்சும் எலி வரலியே" என்று அலுத்துக்கொண்டு பொறியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். முதல் சில நாள் பொறியை மாட்டாமல், சும்மா கருவாடோ சுட்ட தேங்காய்ச் சில்லோ வைத்துத் தின்னவிட வேண்டும். பயம் தெளிந்த பிறகு மாட்டினால், அன்று ராத்திரியே 'டப்'!

வண்டு கதை வேறு

வண்டு வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். ஈரம் இருந்தால் பெருகும். நெல்லை நன்றாகக் காய வைத்து, பல்லில் கடித்துப் பார்த்தால் 'கடுக்' என்று ஒடிய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். கட்டும்போது நிழலில் உலர்த்திய நொச்சி இலை, வேப்பிலையை அடுக்கடுக்காகப் போடுவது பாட்டிமார் வழக்கம். அரிசியைக் கொதிக்கிற வெயிலில் கொட்டினால் நொய்யாகிவிடும். அதை நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும். முழு உளுந்து, துவரையை உடைத்து வைத்தாலே வண்டு குறையும். விளக்கெண்ணெய் தடவுவதும் உண்டு.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மருந்தில்லாத பொறி ஒன்றைக் கண்டுபிடித்தது. துளைகள் போட்ட ஒரு குழாய். அதைத் தானியத்துக்குள் செருகினால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியாக விழுந்து அடியில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்!

அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டுவதில் இருளர்களை மிஞ்ச ஆள் இல்லை. பானையில் வைக்கோலை மூட்டி, வளைக்குள் புகையை ஊதிப் பிடிப்பார்கள். எலி பதுக்கிய நெல்லையும் மீட்டுவிடுவார்கள். பாம்பு பிடிக்கும் திறமைக்காக 2023-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இந்த இனத்தவர்தான். வயலில் எலி குறைந்தால் வீட்டுக்கு வருவதும் குறையும். எலியைத் தேடி வரும் நல்ல பாம்பும் குறையும்.

மருந்து ஏற்கனவே வைத்துவிட்ட வீட்டில் யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால், எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-க்குப் போன் செய்ய வேண்டும். கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெயர் எழுதிய காலி பாக்கெட் வாசல் பக்கம் கிடந்தால் அதையும் எடுத்துச் செல்லலாம். அதைத் தேடி மறுபடியும் அந்த அறைக்குள் போகக்கூடாது.