அந்த நீல டைல்ஸுக்கு வயசு என்ன?

போர்ச்சுகல்ல போர்ட்டோ நகரத்துக்குப் போனப்போ, சாந்து இல்தெஃபோன்சு தேவாலயம் முன்னாடி நின்னு, "முந்நூறு வருஷத்து டைல்ஸ்!"னு ஸ்டேட்டஸ் போட்டுட்டேன். தப்பு மக்களே!

பரோக் பாணியில இந்தத் தேவாலயத்தைக் கட்டி முடிச்சது 1739-ல. முகப்புல இருக்கிற சுமார் 11,000 நீல-வெள்ளை டைல்ஸ் வந்தது 1932-லதான். வரைஞ்சவர் ஜோர்ஜ் கொலாசோ. பக்கத்துல இருக்கிற சாவ் பென்டோ ரயில் நிலையத்தோட டைல்ஸ் ஓவியங்களும் அவரோடதுதான்.

அதாவது, கிட்டத்தட்ட இருநூறு வருஷம் இந்த முகப்பு இந்தப் படங்கள் இல்லாமலே நின்னிருக்கு. ஸ்டேட்டஸை அழிச்சேன்.

அப்போ இது போலியா? எனக்கு அப்படித் தோணல. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒண்ணு சேர்த்திருக்கு, அவ்வளவுதான். அடுத்த முறை ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்தா, கட்டின வருஷத்தோட அலங்காரம் வந்த வருஷத்தையும் கேளுங்க.