வாசிப்புக் கட்டணம்: இலக்கியத்தின் வாசலில் ஒரு சுங்கச்சாவடி

அமெரிக்க இலக்கிய இதழ்கள் பலவற்றுக்கு ஒரு கவிதையோ சிறுகதையோ அனுப்ப வேண்டுமெனில், எழுத்தாளர் முதலில் பணம் கட்ட வேண்டும். 'வாசிப்புக் கட்டணம்' எனப்படும் இத்தொகை பெரும்பாலும் 3 டாலர். நூல்களுக்கான பரிசுப் போட்டிகளில் இது 25 டாலரையும் தாண்டுவதுண்டு. படைப்பு நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது.

இதற்கு இதழாசிரியர்கள் கூறும் காரணங்கள் முற்றிலும் பொய்யானவை அல்ல. படைப்புகளைப் பெறும் 'சப்மிட்டபிள்' போன்ற இணையத் தளங்களுக்கு இதழ்கள் பணம் செலுத்துகின்றன; வாசித்துத் தேர்வு செய்வோர் பலர் ஊதியமின்றி உழைக்கின்றனர். முன்பு அஞ்சலில் அனுப்பவும் செலவானதே என்றும் அவர்கள் கேட்கின்றனர். ஆனால், அஞ்சல்தலைக்குக் கொடுத்த பணம் இதழுக்குச் சென்றதில்லை. இன்றைய கட்டணமோ இதழின் வருவாய். அனுப்புவோரில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்படுவதால், இடம் கிடைக்காதவர்களின் பணமே இடம் கிடைத்தவர்களின் பக்கங்களைத் தாங்குகிறது.

இக்கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் சுமை ஒன்றல்ல. 3 டாலர் என்பது 250 ரூபாய்க்கும் மேல். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள்கூலி 2025-26இல் 336 ரூபாய். ஆங்கிலத்தில் எழுதும் முதல் தலைமுறைத் தலித் இளைஞர் ஒருவர் பத்து இதழ்களுக்கு அனுப்பினால், அவருடைய தாயின் ஏழு நாள் கூலி கரைந்துவிடும். வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தக்கூடிய வங்கி அட்டையும் வேண்டும்.

இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு எனச் சில இதழ்கள் அறிவிக்கின்றன. அது நல்லதே. ஆயினும், வாசிக்கப்படுவதற்கு முன்பே தன் வறுமையை எழுதி விண்ணப்பிக்க வேண்டியவர் எழுத்தாளராக அன்றி மனுதாரராகவே உள்ளே நுழைகிறார்.

கட்டணத்தை நீக்கினால் மட்டும் கதவு திறந்துவிடாது என்பதும் நம் வரலாறு. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, அதன் அறிவிப்பைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் 'கேசரி' மறுத்தது. பணம் இருந்தும் சாதி கதவை அடைத்தது. அந்தக் கதவின் முன் பணத்தையும் ஒரு தடையாக நிறுத்துவது இரட்டை அநீதியாகும்.

மாற்று வழிகள் உள்ளன. பெரும் நன்கொடையின் பலமுள்ள 'பொயட்ரி' இதழ் கட்டணம் கேட்பதில்லை. அத்தகைய வளமில்லாத சிற்றிதழ்கள் சந்தாவாலும் விருப்ப நன்கொடையாலும் செலவை ஈடுகட்டலாம். விண்ணப்பமின்றி எவரும் இலவசமாக அனுப்பும் மாதங்களை ஒதுக்கலாம். இதழின் செலவை வாசகரும் நிறுவனங்களும் ஏற்க வேண்டும். எழுத்தாளர் தரவேண்டியது எழுத்து மட்டுமே.