மூளைக்குப் பெப்டைட் ஸ்பிரே: அம்மா அப்பாவுக்கு ஓடர் பண்ணுவதற்கு முன்

"மூக்குக்குள்ள அடிக்கிற ஸ்பிரேயாம். மறதிக்கு நல்லதாம். அப்பாவுக்கு எடுத்துக் குடுப்பமோ?"

இப்படியான கேள்விகள் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்குள்ளும் வரத் தொடங்கிவிட்டன. கேட்பவர்கள் முதியவர்கள் இல்லை. இங்கே பிறந்து, அல்லது சின்ன வயதில் வந்து, இன்று ஒரு பக்கம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் மறுபக்கம் அம்மா அப்பாவின் மருந்துப் பெட்டியையும் பார்க்கிற நாங்கள்தான். 1983க்குப் பிறகு சுவிஸுக்கு வந்த எங்கள் பெற்றோரில் பலர் இப்போது அறுபது, எழுபது வயதில் நிற்கிறார்கள். உணவகச் சமையலறையிலும் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையிலும் உழைத்தவர்கள். இப்போது அவர்கள் ஒரு பெயரை மறந்தால், ஒரு பில்லைக் கட்டாமல் விட்டால், எங்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. அந்தப் பயத்துக்குள்தான் "பெப்டைட்" என்ற சொல் வந்து நுழைகிறது.

பெப்டைட் என்றால் என்ன?

புரதம் ஒரு நீண்ட மாலை என்றால், பெப்டைட் அந்த மாலையின் ஒரு சின்னத் துண்டு. மணிகளுக்குப் பெயர் அமினோ அமிலம். பயப்பட வேண்டிய விசயம் இல்லை, எங்கள் உடம்பே இவற்றைச் செய்கிறது. பிரசவத்தின் போது சுரக்கும் ஒக்சிடோசினில் 9 மணிகள். சீனி வருத்தக்காரர் போடும் இன்சுலினில் 51.

இவற்றைத் தொழிற்சாலையில் செய்வதில் சுவிஸ் நாட்டுக்குப் பெரிய பெயர் உண்டு. பாசல் நகருக்குப் பக்கத்தில் புபெண்டோர்ஃபில் இருக்கும் பாகெம் நிறுவனம், பேட்டர் குரோக் என்பவரால் 1971இல் லீஸ்தாலில் தொடங்கப்பட்டது. இன்று உலகின் முன்னணிப் பெப்டைட் உற்பத்தியாளர்களில் ஒன்று. ஆகவே பெப்டைட் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல முடியாது. எந்தப் பெப்டைட், யார் செய்தது, எந்த நோய்க்கு, மனிதரில் சோதித்தார்களா என்பதுதான் கேள்வி.

மூளை என்று வரும்போது இரண்டு தடைகள் இருக்கின்றன. வாயால் விழுங்கினால், இறைச்சியையும் பருப்பையும் உடைப்பது போல வயிறு பெரும்பாலான பெப்டைட்டுகளையும் உடைத்துவிடும். அதனால்தான் மூக்கு ஸ்பிரே, ஊசி என்று விற்கிறார்கள். இரண்டாவது, இரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் போய்விடாதபடி இரத்தக் குழாய்ச் சுவரில் ஒரு காவல் இருக்கிறது. அதைத் தாண்டுவது சுலபம் இல்லை.

இணையத்தில் விற்கும் பெயர்கள்

அதிகம் கேள்விப்படுவது செமக்ஸ். 1980களில் மொஸ்கோவில் உருவாக்கப்பட்டது. உடம்பின் ஒரு ஹோர்மோனில் இருந்து எடுத்த துண்டை மாற்றி, 7 அமினோ அமிலங்களாக அமைத்திருக்கிறார்கள். ரஷ்யாவில் பக்கவாதத்துக்குப் பிறகு மூக்குத் துளியாகக் கொடுக்கிறார்கள். ஆனால் வயதால் வரும் மறதியை அது தடுக்கிறது என்று காட்டும் பெரிய, நீண்ட கால ஆய்வு இல்லை. சுவிஸில் அதற்கு மருந்து என்ற அனுமதியும் இல்லை. அதன் சகோதரம் போன்ற செலாங்கின் நிலையும் அதேதான்.

டைஹெக்ஸா என்று இன்னொன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிகளில் சோதித்தபோது ஞாபகம் கூடியதாகச் சொன்னார்கள். அதே ஆய்வு வழியில் வந்த ஃபொஸ்கோனிமெட்டோன் என்ற மருந்தை அதிரா என்ற நிறுவனம் அல்சைமர் நோயாளரில் சோதித்தது. 2024 செப்டெம்பரில் வந்த முடிவு: பலன் இல்லை. அதோடு, டைஹெக்ஸா தூண்டுவதாகச் சொல்லப்படும் வளர்ச்சி வழி சில புற்றுநோய்களிலும் பங்கு வகிக்கிற ஒன்று. அதனால் பல வருடம் பாவித்தால் என்ன நடக்கும் என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செமக்ஸ், செலாங், டைஹெக்ஸா மூன்றையும், மருந்தகங்கள் தாங்களே கலந்து கொடுப்பதில் பாதுகாப்புச் சந்தேகம் உள்ள பொருட்களின் பட்டியலில் போட்டது.

ஊருக்குப் போய்வருபவர்கள் சொல்லும் பெயர் செரிப்ரோலைசின். "சென்னையில டொக்டர் ஊசி போட்டவர்" என்பார்கள். இது செயற்கைப் பெப்டைட் அல்ல. பன்றி மூளையில் இருந்து எடுக்கும் ஒஸ்திரிய நாட்டுத் தயாரிப்பு. சைவமாக இருக்கும் அம்மம்மாவுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரத்தக் குழாய் பாதிப்பால் வரும் டிமென்ஷியாவில் சிறு பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரம் பலமில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் குழு சொன்னது. திடீர்ப் பக்கவாதத்தில் பலன் தெரியவில்லை, பாரதூரமான பக்க விளைவுகள் சற்றுக் கூடலாம் என்றும் அதே அமைப்பின் இன்னொரு மதிப்பாய்வு சொன்னது.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்லின?

"கொம்பனிகள் வேணுமெண்டு மறைக்கினம்" என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில், பெப்டைட் மூளைக்கு உதவுமா என்று பார்க்கக் கொம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் பெருந்தொகை செலவழித்திருக்கின்றன.

மூக்கு வழியாக இன்சுலின் அடித்தால் ஞாபகம் நிற்குமா என்று அமெரிக்காவில் 12 மாதங்கள் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவில், வெறும் ஸ்பிரே அடித்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 8 அமினோ அமிலங்கள் கொண்ட டவுனெடைட் என்ற மூக்கு மருந்தை, அரிதான ஒரு மூளைத் தேய்வு நோயில் 300க்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் சரிவரவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது செமாக்ளூடைட். சீனி வருத்தத்துக்கும் உடல் பருமனுக்கும் பெயர் போன அதே பெப்டைட். ஆரம்ப நிலை அல்சைமர் உள்ள 3,808 பேரை வைத்து நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் இரண்டு ஆய்வுகள் செய்தது. 2025 நவம்பரில் முடிவு வந்தது. சில உயிரியல் அளவுகள் கொஞ்சம் திருந்தின, ஆனால் நோய் போகும் வேகம் குறையவில்லை. சீனிக்கு அந்த மருந்து எடுக்கும் அப்பா அதை நிறுத்த வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மறதிக்கென்று அதைத் தேடி ஓட வேண்டாம் என்பதுதான் அர்த்தம்.

நம்பிக்கை தரும் வேலையும் நடக்கிறது. லவுசானில் உள்ள ஏசி இம்யூன் நிறுவனம், அல்சைமர் மூளையில் படியும் அமிலோய்ட் புரதத்தின் ஒரு சிறு துண்டைப் பாவித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தப் படிவை எதிர்க்கப் பழகும் தடுப்பூசி ஒன்றைச் சோதிக்கிறது. 2024இல் ஜப்பானின் டகேடா நிறுவனம் அதற்காக 100 மில்லியன் டொலர் முன்பணம் கொடுத்தது. ஆனாலும் அது ஆய்வுக் கட்டத்தில் உள்ள ஒன்று, கடையில் கிடைக்காது.

பார்சலில் வருவது என்ன?

இணையத்தில் விற்கும் பல குப்பிகளில் "ஆய்வுக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல" என்று சின்ன எழுத்தில் இருக்கும். மருந்துச் சட்டத்தில் இருந்து தப்ப எழுதுவது அது. உள்ளே சொன்ன பொருள் இருக்கிறதா, எவ்வளவு, கிருமி இல்லாமல் நிரப்பினார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தூளைத் தண்ணீரில் கரைத்து, அளவை நாங்களே கணக்குப் பார்த்து ஊசி போடுவது எழுபது வயதுக்காரரின் உடம்பில் விளையாடுவது. இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று என்று எடுப்பவருக்கு இதையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்று டொக்டருக்கே தெரியாது.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். தனிப் பாவனைக்குச் சிறிய அளவு, ஏறக்குறைய ஒரு மாதத்துக்கான மருந்துதான் சுவிஸுக்குள் கொண்டுவரலாம். சுங்கம் சந்தேகமான பார்சலை மறித்து பேர்னில் இருக்கும் சுவிஸ்மெடிக்குக்கு அறிவிக்கும். பொருளை அழித்துவிட்டு, செலவை ஓடர் பண்ணியவரிடம் கேட்கலாம். அக்கறையோடு செய்த வேலைக்குக் கடைசியில் பில் வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய நட்டம் நேரம். மறதிக்குத் திருத்தக்கூடிய காரணங்கள் இருக்கின்றன: பி12 விற்றமின் குறைவு, தைரொயிட் பிரச்சினை, மனச்சோர்வு, நித்திரைக் குளிசை, நித்திரையில் மூச்சு தடைப்படுவது. சீனிக்கு மெட்போர்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டியதை, ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆறு மாதம் தள்ளிப்போடக் கூடாது. போரையும் இழப்பையும் கண்ட எங்கள் பெற்றோரில், மறதி போலத் தெரிவது சில வேளை வாய்விட்டுச் சொல்லாத மனப்பாரமாகவும் இருக்கலாம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நடக்கும். முப்பது வருடமாக வைத்த கறியை எப்படித் தொடங்குவது என்று அம்மா யோசித்து நிற்பது, உப்பை இரண்டு தரம் போடுவது, தெரிந்த டிராம் நிறுத்தத்தில் அப்பா தடுமாறுவது, காசு விசயத்தில் கவனமான மனிதர் பில்களை லாச்சிக்குள் போட்டுவிட்டு மறப்பது, இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டு போனால் குடும்ப டொக்டரிடம் கூட்டிப் போங்கள். திடீரென்று பேச்சுக் குழறினால், குழம்பினால், ஒரு கை கால் விழுந்தால் காத்திருக்க வேண்டாம், 144க்கு அடியுங்கள்.

தேவையென்றால் டொக்டர் மெமரி கிளினிக்குக்கு அனுப்புவார். பாசல், பேர்ன், சூரிச், லவுசான், ஜெனீவா உட்பட நாடு முழுவதும் இருக்கின்றன. அங்கே மொழி ஒரு சிக்கல். ஜெர்மன் அரைகுறையாகத் தெரிந்தவரை ஜெர்மனில் சோதித்தால், மொழி தெரியாதது மறதியாகத் தெரியும். மறதி வந்தவருக்கு பிற்காலத்தில் படித்த மொழி முதலில் நழுவுவதும் உண்டு. அதனால் நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். பிள்ளைக்கு முன்னால் தாத்தா உண்மையைச் சொல்லமாட்டார். ரூடாஸ் என்று ஒரு பரிசோதனை, பல மொழி பேசும் மக்களுக்கென்றே சிட்னியில் உருவாக்கப்பட்டது. "அது செய்யலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மிகெஸ்பிளுஸ் தளத்தில் தமிழிலும் சுகாதாரக் கையேடுகள் இருக்கின்றன.

பலன் தெரிந்தவை

2024இல் லான்செட் ஆணைக்குழு, டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 வீதம் 14 காரணிகளோடு சம்பந்தப்பட்டது, அவற்றைச் சரிசெய்தால் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்று கணக்கிட்டது. காது கேளாமை, கெட்ட கொலஸ்ட்ரோல், பிரஷர், சீனி, புகைத்தல், தனிமை, அசையாமல் இருப்பது எல்லாம் அதற்குள் வரும். இவற்றில் பல நடுவயதிலேயே தொடங்குகின்றன. அதாவது நாற்பதில் நிற்கிற எங்களுக்கும் இது பொருந்தும்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயதான 1,260 பேரோடு ஓர் ஆய்வு செய்தார்கள். சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் போன்றவற்றைக் கவனித்தல், எல்லாம் சேர்த்து இரண்டு வருடம். 2015இல் வந்த முடிவில் அவர்களின் சிந்தனைத் திறன், வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தது. 2025இல் அமெரிக்காவில் 2,111 பேரோடு செய்த ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டியது.

எங்கள் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டு வருவது? காதில் இருந்து தொடங்கலாம். "அப்பா மறக்கிறார்" என்று நாங்கள் நினைப்பதில் ஒரு பகுதி, அப்பாவுக்குக் கேட்கவே இல்லை என்பதாக இருக்கலாம். காது டொக்டர் தேவையை உறுதி செய்தால், எங்கட ஆட்கள் ஆ-ஹா-ஃபவ் என்று சொல்லும் முதியோர் காப்புறுதி ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் ஒரு காதுக்கு 630 பிராங், இரண்டு காதுக்கு 1,237.50 பிராங் கொடுக்கிறது. ஸ்பிரேக்கு ஒதுக்கிய காசை மிச்சத்துக்குப் போடலாம்.

அடுத்தது தட்டு. சோற்றைக் குறைத்துப் பருப்பு, கீரை, மீன் கூட்டினால் சீனிக்கும் மூளைக்கும் சேர்த்தே நல்லது. அடுத்தது நடை. "நடவுங்கோ" என்று சொன்னால் நடக்கமாட்டார்கள், "பிள்ளையப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வாறீங்களோ, அப்பா?" என்று கேட்டால் போவார்கள். கோயில், தமிழ்ப் பாடசாலை, கடையடிக் கதை எல்லாம் தனிமைக்கு மருந்துதான்.

கடைசியாக, இதை அவர்களோடு எப்படிக் கதைப்பது. "உங்களுக்கு மறதி வருத்தம்" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். எங்கள் சமூகத்தில் மறதியை இன்னும் விசரோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "அம்மா, பிரஷரும் சீனியும் பார்த்துக் கனகாலம். இந்தமுறை பி12, தைரொயிட், காது எல்லாம் சேர்த்துப் பார்த்திட்டு வருவம். நானும் என்ர பிரஷரப் பார்க்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே யாராவது ஏதாவது பெப்டைட் வாங்கிக் கொடுத்திருந்தால், திட்டாமல் அந்தக் குப்பியையும் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மற்ற மருந்துகளைத் தீர்மானிக்க அது அவருக்குத் தெரிய வேண்டும்.