விளையாட்டுக் காணொளிகளை எழுத்துப்படிவழித் தொகுத்தல்: பேச்சுத்தமிழ் எழுப்பும் சிக்கல்கள்

1. முன்னுரை

கணினியிலோ கைப்பேசியிலோ ஒருவர் தாம் ஆடும் விளையாட்டைப் பேசிக்கொண்டே பதிவுசெய்து வெளியிடும் வழக்கம் இந்திய மொழிகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. இத்தகைய நேரலை மூன்று, நான்கு மணி நேரம் நீள்வதுண்டு. அதிலிருந்து பத்து நிமிடக் காணொளி ஒன்றை உருவாக்க விரும்புபவர் பதிவு முழுவதையும் மீண்டும் பார்த்தாக வேண்டும். இவ்வுழைப்பைக் குறைக்கும் நோக்கில் எழுந்ததே எழுத்துப்படிவழித் தொகுப்பு முறை. இம்முறை பேச்சுத்தமிழில் எதிர்கொள்ளும் மொழிச் சிக்கல்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. முறையின் இயல்பு

பேச்சுணரி மென்பொருள் பதிவிலுள்ள பேச்சை எழுத்தாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் அது தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் குறிக்கிறது. தொகுப்பாளர் எழுத்துப்படியில் ஒரு தொடரை நீக்கினால், அத்தொடருக்குரிய ஒலியும் காட்சியும் உடன் நீங்குகின்றன. 2017இல் தொடங்கப்பட்ட டிஸ்கிரிப்ட் நிறுவனம் இம்முறையைப் பரவலாக்கியது. அடோபி பிரீமியர் புரோ மென்பொருளில் இவ்வசதி 2023இல் சேர்க்கப்பட்டது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்னும் பேச்சுணரி தமிழையும் தெலுங்கையும் ஏற்கிறது. எனினும், அது முதலில் பயிற்றுவிக்கப்பட்ட 6,80,000 மணி நேர ஒலியில் பெரும்பகுதி ஆங்கிலமே. ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிட்டிய பேச்சு ஏறத்தாழ 1,17,000 மணி நேரமே என்பது கருதத்தக்கது.

3. மொழிச் சிக்கல்கள்

ஐதராபாத்தின் வடமேற்கிலுள்ள குகட்பள்ளி, ஜவகர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்த இடம். மாணவர் விடுதிகள் மிகுந்த பகுதி. அங்கு ஒரே விடுதியில் தங்கியுள்ள தமிழ் மாணவரும் தெலுங்கு மாணவரும் ஒரே விளையாட்டை ஆடித் தத்தம் மொழியில் காணொளி தொகுப்பதாகக் கொள்ளலாம். இருவரும் பயன்படுத்தும் கருவி ஒன்றேயாயினும் இருவர்க்கும் கிட்டும் எழுத்துப்படிகள் ஒரு தன்மையன அல்ல.

3.1 எழுத்தும் ஒலியும்

விளையாட்டுப் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி. பின்னால் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல், பொதி எனப் பொருள்படும் சொல், பை எனப் பொருள்படும் சொல் ஆகிய மூன்றும் தமிழெழுத்தில் ‘பேக்’ என்றே அமைகின்றன. தமிழ் எழுத்துமுறை ஒலிப்புடை ஒலிகளையும் ஒலிப்பிலா ஒலிகளையும் வேறுபடுத்திக் காட்டாமையே இதற்குக் காரணம். தெலுங்கு எழுத்துமுறை அவற்றை வேறுபடுத்துவதால் மூன்று சொற்களும் மூன்று வடிவங்களைப் பெறுகின்றன. எனவே, ‘பின்னால் எதிரி’ என்று எச்சரித்த இடத்தைத் தேடும் தமிழ் மாணவர்க்குப் பை எடுத்த இடங்களும் சேர்ந்தே கிட்டும்.

3.2 இரட்டை வழக்கு

சார்லசு பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு என்னும் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்திப் பிரான்சிசு பிரிட்டோ 1986இல் விரிவாக ஆராய்ந்தார். தெலுங்கில் கிடுகு இராமமூர்த்தி (1863–1940) முன்னின்று நடத்திய வியாவகாரிக இயக்கத்தின் பயனாக எழுத்துநடை பேச்சுநடையை நெருங்கி வந்தது. தமிழில் அவ்விடைவெளி இன்றும் பெரிது. ‘வந்துட்டிருக்காங்க’ என்று ஒலிப்பதைப் பேச்சுணரி ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதக்கூடும். பொருள் மாறவில்லை, ஆயின், எழுத்திலுள்ள அசைகள் பல ஒலியில் இல்லை. நேரக்குறி பிறழ்ந்து, வெட்டு சொல்லின் நடுவே விழ இது வழிவகுக்கிறது.

3.3 நிரப்புச் சொற்கள்

பொருளின்றி இடையில் வரும் சொற்களைத் தாமே நீக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. தமிழில் ‘வந்து’ என்பது நிரப்புச் சொல்லாகவும் வரும், வினையெச்சமாகவும் வரும். ‘நான் வந்து சொல்றேன்’ என்பது தயங்கித் தொடங்கிய பேச்சாகவும் இருக்கலாம். ‘அங்கு வந்தபின் சொல்கிறேன்’ என்னும் பொருளும் தரலாம். எழுத்துவடிவம் ஒன்றே. இவ்வேறுபாட்டை அறியச் சொல்லின் அழுத்தமும் அதனை அடுத்த இடைநிறுத்தமும் துணைசெய்யும், சொற்பட்டியல் துணைசெய்யாது.

3.4 எதிர்மறையின் இடம்

மேற்கண்டவை தொகுப்பாளரின் நேரத்தை வீணாக்குபவை. இனிக் கூறப்படும் சிக்கலோ பேசியவரின் நற்பெயரைத் தொடுவது. ‘அவன் ஏமாத்துறான்னு நான் சொல்லல’ என்று ஒருவர் கூறியதாகக் கொள்வோம். காணொளியைச் சுருக்கும்போது இறுதி இரு சொற்களை நீக்கினால் ‘அவன் ஏமாத்துறான்னு’ என்பது எஞ்சும். பேச்சுத்தமிழில் இவ்வாறு தொங்கி நிற்கும் தொடரும் ஒரு கூற்றாகவே கொள்ளப்படும். மறுத்தவரே குற்றஞ்சாட்டியவராகிவிடுகிறார்.

ஆங்கிலத்தில் மறுப்பு தொடரின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால், பிற்பகுதியை வெட்டினாலும் அது பெரும்பாலும் எஞ்சிநிற்கும். தமிழில் வினைமுற்று இறுதியில் வருகிறது; எதிர்மறையும் அதனுள் அடங்குகிறது. தெலுங்கும் இவ்வகையில் தமிழையே ஒக்கும். ஆதலின் ஆங்கிலத்தை முன்வைத்து வகுக்கப்பட்ட ‘சொல்லே வெட்டின் அலகு’ என்னும் கொள்கை திராவிட மொழிகளுக்குப் பொருந்தாது. மேற்கோள் இடைச்சொல்லையும் அதனைத் தழுவும் வினைமுற்றையும் பிரிக்காமல் ஓர் அலகாகக் கொள்வதே முறை.

4. பேச்சற்ற பகுதிகள்

விளையாட்டின் உச்சக்கட்டத்தில் ஆடுபவர் பெரும்பாலும் பேசுவதில்லை. காணத்தக்க காட்சி அங்கிருந்தும் எழுத்துப்படியில் அவ்விடம் வெறுமையாகவே தோன்றும். மேலும், பேச்சில்லாத இடத்தில் விஸ்பர் போன்ற பேச்சுணரிகள் எவரும் கூறாத தொடர்களை எழுதிவிடுவதும் உண்டு. எனவே, எழுத்துப்படியுடன் ஒலியின் ஏற்றவிறக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது இன்றியமையாதது. பதிவின்போதே ஆடுபவரின் குரலையும் விளையாட்டின் ஒலியையும் தனித்தனித் தடங்களில் பதிந்து, குரல்தடத்தை மட்டும் பேச்சுணரிக்கு அளித்தால் வெடியோசையும் விளையாட்டுக் கதைமாந்தரின் பேச்சும் எழுத்துப்படியில் கலவா.

5. முடிவுரை

தமிழ்க் காணொளிக்கு எழுத்துப்படி இரு நிலைகளில் அமைதல் வேண்டும். ஒலித்தவாறே எழுதிய படி நேரக்குறிக்கும் வெட்டுக்கும் உரியது. எழுத்துவழக்கில் திருத்திய படி தேடலுக்கு உரியது. வெட்டு வினைமுற்றுக்குப் பின்னரே அமைதல் நன்று. வெட்டிய இடந்தோறும் முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்தல் கட்டாயம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பு, 22 இந்திய மொழிகளின் இயல்பான பேச்சை உள்ளடக்கியது. இத்தகைய தரவுகள் பெருகும்போது, பேச்சுத்தமிழை ஒருசீராக எழுதும் நெறியின் தேவையும் பெருகும். ‘இருக்காங்க’, ‘இருக்காங்கெ’, ‘இருக்காங்க்ய’ என ஒரு சொல்லை மூவர் மூவகையாக எழுதும்வரை எப்பொறியும் அவற்றை ஒன்றெனக் கற்றுக்கொள்வது அரிது. அந்நெறியை வகுப்பது மென்பொருளாளரை விட மொழியியலாளரின் கடமை எனலாம்.