இணைய ஒப்பந்தம் முடியும் வேளையில்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வாடகைக்குக் குடியிருப்போர் பலர். வீட்டு உடன்படிக்கை ஓராண்டுக்கே எழுதப்படுகையில், ஒளியிழை இணைய ஒப்பந்தம் முடிந்ததும் அதனிலும் நீண்ட காலத்துக்கு மீண்டும் கட்டுப்படுவது விவேகமன்று என்பதே எமது கருத்து. இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரிலா, குடியிருப்பவர் பெயரிலா? வீடு மாறினால் புதிய முகவரிக்கு மாற்றித் தருவார்களா? இடையில் நிறுத்தினால் எவ்வளவு செலுத்த வேண்டும்? இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் காணும் கட்டணத்துடன் வரிகள் சேர்ந்துள்ளனவா என்றும் வினவ வேண்டும். பெறுமதிசேர் வரி மாத்திரம் 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்டது.

வேகத்தில் மயங்குவோர் தரவின் அளவைக் கவனிப்பதில்லை. நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் பயன்படுத்தக்கூடிய ஜிகாபைட்டுகளையும் கூட்டியே மொத்தம் காட்டும் திட்டங்கள் உண்டு. நோன்பு காலத்தில் ஸஹருக்கு விழிப்போருக்கு அவை ஓரளவு உதவலாம். மாலை வகுப்பில் இணையும் மாணவனுக்கோ, டோஹாவிலுள்ள மகனுடன் முகம் பார்த்துப் பேசும் தாய்க்கோ உதவா. வரையறையற்றது எனப்படும் திட்டத்திலும் குறித்த அளவைக் கடந்ததும் வேகம் குறைக்கப்படுவதுண்டு.

ஒப்பந்தம் முடியும் மாதமே பேரம் பேச ஏற்ற காலம். அதற்குமுன், அதே கட்டடத்தில் வேறு நிறுவனத்தின் இணைப்புப் பெற்ற அயலவரிடம் இரவு எட்டு மணிக்குக் கிடைக்கும் வேகத்தை விசாரிக்கலாம். பட்டியலில் பிணக்கு எழுந்து நிறுவனம் தீர்க்காவிடின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.