கழுத்து முழுக்கக் கதிர் வேண்டுமா?

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றிய நிலையில் வருபவருக்கு, அறுவை சிகிச்சை சரிப்படாதென்றால், பெரும்பாலும் ஒரே வழிதான்: ஏழு வாரங்களில் 35 தவணையாக 70 கிரே கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. நம்மூரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்களே, அதுதான். கதிர் கட்டியோடு நிற்பதில்லை. நோய் ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்கும் போகிறது. பிழைத்தவர்களில் பலர், உமிழ்நீர் வற்றியதால் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தே விழுங்குகிறார்கள்.

உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியையும் சேர்த்தால் என்ன? அவெலுமாப் மருந்தை இப்படிச் சேர்த்துப் பார்த்த ஆய்வு தோற்றது. பெம்ப்ரோலிசுமாபும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இதற்கு ஒரு விளக்கம் உண்டு. இந்த மருந்துகள் முடுக்கிவிட வேண்டிய டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களுக்குக் கழுத்து முடிச்சுகள்தாம் பாசறை. பாசறையையே எரித்துவிட்டுப் படையைக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் ‘டிபெண்ட்’ ஆய்வில் வரிசையை மாற்றினார்கள். முதலில் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, கூடவே கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் ஆகிய கீமோ மருந்துகள். பிறகு ஸ்கேன். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியவர்களுக்குக் கீமோவுடன் 66 கிரே, அதுவும் நோயிருந்த இடத்துக்கு மட்டும். சந்தேகத்துக்காகக் கழுத்தைச் சுடவில்லை. அவ்வளவாகச் சுருங்காதவர்களுக்கு 70 முதல் 75 கிரே. கதிரின் அளவைவிட அதன் எல்லையை மாற்றியதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால், இதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிட முடியாது. பங்கேற்றவர்கள் 36 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. சிகிச்சையின் கடுமையைக் குறைக்கும் ஆசை முன்பே ஒருமுறை சறுக்கியிருக்கிறது. ஹெச்.பி.வி. கிருமியால் வரும் தொண்டைப் புற்றுக்குச் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செட்டுக்ஸிமாப் கொடுத்த இரு ஆய்வுகளிலும் பிழைத்தவர்கள் குறைந்தார்கள் என்பது 2018-ல் தெரியவந்தது.

சிகாகோ ஆய்வில் சேர்ந்தவர்கள் அந்தக் கிருமி இல்லாதவர்கள். நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் புகையிலையால் வருவது. ஆகவே இது நமக்கு நெருக்கமான ஆய்வு. நிவோலுமாபின் விலைதான் மலைக்க வைக்கிறது. அதற்கும் மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு வழி தேடியது. வழக்கமாக 240 மில்லிகிராம் கொடுக்கும் நிவோலுமாபை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் மட்டும், விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 16.3 சதவீதம்; சேர்த்துப் பெற்றவர்களில் 43.4. இது குணப்படுத்தும் கட்டம் தாண்டியவர்களிடம் கிடைத்த கணக்கு. கதிர்வீச்சுக்கு முன்பும் அந்த 20 மில்லிகிராம் போதுமா என்பதை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்த மருந்து நிறுவனமும் அதற்குப் பணம் போடாது.